இடது கைப் பாடம்

பியானோ பாட வீடியோவை நிறுத்திய பிறகும் டீச்சரின் இடது கை இன்னும் ஒரு சுரம் வாசித்தது.

திரையில் டீச்சரின் வலது கை அப்படியே நின்றுபோயிருந்தது. ஆள்காட்டி விரல் வெள்ளைக் கட்டையை விட்டு எழும்பி, அடுத்து எங்கே இறங்கலாம் என்று யோசிப்பதுபோல் அந்தரத்தில் இருந்தது. படம் நின்றால் சத்தமும் நிற்க வேண்டும். ஆனால் அடித்தொண்டையில் யாரோ 'ம்' கொட்டுவதுபோல் தாழ்ந்த ஒரு சுரம், ஆரம்பித்த பேச்சை முடிக்காமல் போகமாட்டேன் என்பதாக ஒலித்து, நீண்டு, திரைச்சீலை மடிப்புகளுக்குள் போய் அடங்கியது. அதன் பிறகுதான் வீட்டின் மற்ற ஓசைகள் காதில் விழுந்தன. ஃபிரிட்ஜின் முனகல், மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுப்பது, குளியலறைக் குழாயில் சொட்டும் தண்ணீர்.

அவள் ஃபோனை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். ஓரத்தில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய ஃபோன். அவ்வப்போது சூடாகும், தானாக அணையும், அழைக்காதவர்களை அழைக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், வாசிக்கத் தெரியாதவள் ஃபோனைக் குறை சொல்லக் கூடாதா என்று தனக்குத் தானே சிரித்துக்கொண்டு, அதை மறுபடி கீபோர்டின் தாங்கியில் சாய்த்து வைத்தாள். வெளியே மாலை வெயில் இன்னும் இருந்தது. பயப்படுகிற நேரமே இல்லை அது.

பக்கத்தில் அவளுடைய இடது கை கட்டைகளின்மேல் கிடந்தது. வலது கையால் தூக்கி அங்கே வைத்தது அவள்தான்.

பிள்ளை பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு காலை பல் துலக்கிக்கொண்டு நின்றவளுக்கு உடம்பின் இடது பாதி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. மூளையில் ரத்தக்கட்டு என்றார்கள். கால் இழுத்து இழுத்துத் திரும்பி வந்தது. கோணிய வாயும் நேரானது. கை மட்டும் வரவில்லை. அடுத்த வீட்டுப் பையை யாரோ தோளில் மாட்டிவிட்டுப் போனதுபோல் அது தொங்கியது. அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவள். ஒரு கை ஃபிரேமைப் பிடிக்க வேண்டும், மறு கை திருகாணியை முடுக்க வேண்டும். பிடிக்கிற கை போனதால் வேலையும் போனது. அதற்குக்கூட அவள் அவ்வளவு அழவில்லை.

அழுதது பிள்ளைக்காகத்தான். ஒற்றைக் கையால் குழந்தையைக் குளிப்பாட்ட முயன்ற ஒரு நாள், சோப்பு நுரையோடு வாண்டு அவள் முழங்கையிலிருந்து நழுவிப் போனது. கீழே துவைக்கப் போட்டிருந்த துணிக் குவியல் இருந்ததால் தப்பித்தது. கதவருகே நின்று அதைப் பார்த்தவர் கணவனின் அக்கா. சலவைக்கடை நடத்துகிறவர், பேச்சும் கஞ்சி போட்ட துணிபோல் விறைப்பாக இருக்கும்.

"பிள்ளைய நான் கொண்டு போறேன். என் மேல கோபப்படாத" என்றார் நாத்தனார். "தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும். என் தம்பி ரத்தம் கீழ விழறத என்னால பாத்துட்டு இருக்க முடியாது. நீ ரெண்டு கையாலயும் அவள தூக்கிக் காட்டு. அன்னிக்கே கொண்டுவந்து விட்டுடறேன்."

"அண்ணி, நான் ஜாக்கிரதையா…"

"ரெண்டு கையாலம்மா."

அவர் சொன்னதில் பிழை காண முடியாததுதான் கொடுமை. இப்போது வாண்டு நடக்கிறது. போய்ப் பார்க்கும்போதெல்லாம் நாத்தனாரின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, யாரோ விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பெற்றவளை எட்டிப் பார்க்கிறது. 'ம்மா' என்று அது கூப்பிடுவது நாத்தனாரைத்தான். அந்த ஒரு சொல்லுக்காக எந்தக் கட்டையையும் அமுக்க, எந்தக் கசப்பையும் குடிக்க அவள் தயாராக இருந்தாள்.

பியானோ யோசனை கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோக்காரருடையது. "விரல் ஒவ்வொண்ணும் தனித்தனியா அசையணும். அதுக்கு இதை மாதிரி எதுவும் கிடையாது. நீங்க என்ன கச்சேரியா பண்ணப் போறீங்க? கட்டைய அமுக்கினா போதும்."

முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான் என்று அவள் சிரித்தாள். கணவன் சிரிக்கவில்லை. அவனுக்குக் குளிர்கிடங்கில் வேலை. மதியம் போனால் ஊர் அடங்கித்தான் வருவான். கூட வேலை செய்பவரின் மகன் கற்றுப் பார்த்துக் கைவிட்ட எலெக்ட்ரானிக் கீபோர்டு ஒன்றை மறுநாளே தூக்கிக்கொண்டு வந்து, சன்னல் பக்கம் மேசை போட்டு வைத்தான்.

கற்றுக்கொடுக்கும் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவற்றில் பளிச்சென்ற பல்வரிசையோடு யாராவது ஒருவர் பாதி நேரம் தன்னைப் பற்றியே பேசினார். தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தது இந்த டீச்சர். முகம் கிடையாது, முன்னோட்ட இசை கிடையாது. மேலிருந்து எடுத்த படம்: கட்டை வரிசை, அதன்மேல் இரண்டு கைகள், மணிக்கட்டுவரை சாம்பல்நிறச் சட்டை. நோயாளி படுத்திருக்கும் அறையில் பேசுவதுபோன்ற தணிந்த குரல்.

"முதல்ல வலது கை மட்டும். இடது கைய நான் பாத்துக்கறேன். நீங்க அதைக் கட்டை மேல வச்சிருங்க, போதும். அவசரமே இல்ல."

மற்ற எல்லாரும் இடது கையைத் தனியாகப் பழகு, வலது கையைத் தனியாகப் பழகு, பிறகு சேர் என்றுதான் சொன்னார்கள். அவளும் முயன்றிருக்கிறாள். உயிருள்ள விரலால் உயிரில்லாத விரலைத் தூக்கிக் கட்டையில் வைத்து அமுக்குவாள். விட்டதும் அது விழுந்த இடத்திலேயே கிடக்கும். சிறிது நேரத்தில் கீபோர்டை அணைத்துவிடுவாள். இந்த டீச்சரிடம் அந்தப் பாடே இல்லை. வலது கையால் 'வாத்து நடை' என்ற எளிய மெட்டைத் தட்டுத் தடுமாறி வாசித்தால் போதும், அடியில் இடது கைப் பகுதியை டீச்சரே வாசித்துவிடுவார். செத்த கை சும்மா கிடந்து கேட்டுக்கொண்டிருக்கும். அப்படித்தான் அவள் இடது கைப் பயிற்சிகளையெல்லாம் தாண்டித் தாண்டிப் போனாள். வலிக்கிற பல்லின் பக்கம் மெல்லாமல் இருப்பதுபோல்தான் அதுவும்.

மழை பெய்த ஒரு மதியம் 'ஐந்து விரல் தாலாட்டு' பாடம். சன்னல் கம்பியில் நீர் தட்டும் சத்தமும் ஈரத்துணி வாடையும் அறை முழுக்க இருந்தன. வலது கையின் வரி முடிந்து, அவள் விரலை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். டீச்சரின் குரல் எண்ணியது. "ஒண்ணு… ரெண்டு… மூணு…"

அவளுடைய இடது சுண்டுவிரல் கட்டையை அமுக்கியது.

அவள் அதை உணரவில்லை, பார்த்தாள். சுரம் ஃபோனிலிருந்து வரவில்லை, கீபோர்டிலிருந்து வந்தது. பிறகு நடுவிரல், பிறகு கட்டைவிரல். ஐந்து, மூன்று, ஒன்று. கைவிரல்கள் ஒரு பூனை தூக்கத்திலிருந்து எழுந்து சோம்பல் முறிப்பதுபோல் ஒவ்வொன்றாக எழுந்து இறங்கின. சிரித்தாள், அழுதாள், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நாற்காலியிலேயே ஆடிக்கொண்டிருந்தாள். வலது கையால் கணவனை அழைத்தாள்.

"என்ன? என்ன ஆச்சு? இங்க ஃபேன் சத்தம், ஒண்ணும் கேக்கல!"

"அசைஞ்சுச்சுங்க!"

"எது?"

"கைங்க! என் கை!"

மறுமுனையிலிருந்து பெரிய விசிறிகளின் இரைச்சல் மட்டும் வந்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. அவன் அழுது அவள் அதுவரை கேட்டதில்லை.

பிசியோக்காரர் வந்தார். "எங்க, அசைங்க பாப்போம்" என்றார். கை மடியில் கிடந்தது, மூடாத பைபோல். அவள் முகம் சிவந்தாள். "வீடியோ போட்டாத்தான் வரும்" என்று ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் சொல்லி, ஃபோனைத் தட்டினாள். குரல் எண்ணத் தொடங்கியதும் கை கட்டைக்கு ஏறி, தாலாட்டை முதலிலிருந்து கடைசிவரை பிசகில்லாமல் வாசித்தது. வலது கைதான் இரண்டு இடத்தில் தடுக்கியது.

"பிரமாதம்! மூளை புதுசா வழி போட்டுக்குது. சில பேருக்கு இசைதான் சாவி" என்றவர், ஊசி முனையால் அவள் விரல் நுனிகளைத் தொட்டார். ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் அழுத்தினார். ஒரு துளி ரத்தம் வந்தது. அப்போதும் தெரியவில்லை. "உணர்ச்சி பின்னாடி வரும்" என்றார். பிறகு குனிந்து பார்த்தார். "கட்டைவிரல உள்ள வளைச்சு, மணிக்கட்ட இப்படி மிதக்க விட்டு… வருஷக்கணக்கா வாசிச்சவங்கதான் இப்படி வச்சுக்குவாங்க. யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லலையே."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று மாலைதான் அவள் திரையை ஒழுங்காகப் பார்த்தாள். அதுவரை அவள் கண் டீச்சரின் வலது கைமேல்தான் இருந்தது, கற்க வேண்டியது அதுதானே. இப்போது இடப்பக்கம் பார்த்தாள். லென்ஸில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்துப் பழகிய கண். சாம்பல்நிறச் சட்டைக் கை கட்டைகளின் ஓரத்தில் இஸ்திரி போட்டதுபோல் தட்டையாகக் கிடந்தது. மணிக்கட்டு இல்லை. விரல்கள் இல்லை. துணி முடிந்த இடத்தில் வெறும் கட்டைகள்தான் இருந்தன. அவற்றில் ஒன்று தாழ்ந்தது, எழுந்தது, இன்னொன்று தாழ்ந்தது.

முதல் பாடத்துக்குப் போனாள். அதில் இரண்டு கைகள் இருந்தன, அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இடது கை நகங்களை ஒட்ட வெட்டியிருந்தது வரைக்கும் நினைவிருந்தது. இப்போது அதிலும் தட்டையான துணி. இரண்டாம் பாடம், மூன்றாம் பாடம், எல்லாவற்றிலும் அதே.

வீடியோவுக்குக் கீழே மற்றவர்கள் எழுதியிருந்த கருத்துகளை அவள் அதுவரை படித்ததில்லை. கைகுலுக்கும் படங்களும் நன்றிகளுமாகக் குவிந்து கிடந்தன. 'என் இடது கை இப்ப சூப்பரா வாசிக்குது டீச்சர்.' 'நான் தூங்கும்போதும் பழகுது.' 'எங்க வீட்ல பையனும் ஆரம்பிச்சுட்டான்.' வெகுதூரம் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: 'இதை எப்படி நிறுத்துறது? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.' அதற்கு ஒரே ஒரு பதில் இருந்தது. டீச்சர் எழுதியது.

'அவசரமே இல்லை.'

அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். சன்னலைச் சாத்தினாள், எல்லா விளக்கையும் போட்டாள், தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். யாரோ இருவர் எதற்காகவோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தையும் மனதில் ஏறவில்லை. அன்றிலிருந்து பாடத்தைத் திறக்கவில்லை. கையும் பழையபடி தொங்கியது. அதைப் பார்க்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது, நிம்மதியாக இருப்பது வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் கணவன் அதற்குள் அக்காவிடம் சொல்லிவிட்டிருந்தான். "ஞாயித்துக்கிழமை பிள்ளையோட வரேன்" என்று நாத்தனார் ஃபோனில் சொன்னார். "தூக்கிக் காட்டு, எனக்கும் மனசு குளிரட்டும்." கணவன் கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி வாங்கி வந்தான். மேசை முனைகளில் பஞ்சு ஒட்டினான். வேலை முடிந்து வந்த அசதியோடு, சட்டையில் கிடங்கின் குளிர் இன்னும் ஒட்டியிருக்க, தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு முனையாக ஒட்டிக்கொண்டிருந்தவனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அந்த டீச்சர் வீடியோ எனக்குப் பிடிக்கலைங்க."

"ஏன், திட்டறாங்களா?"

"அதில்ல. அந்தக் கை… அது என் கை மாதிரியே இல்லங்க."

அவன் ஒட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். "இவ்வளவு நாள் செத்துக் கிடந்த கைம்மா. புதுசாத்தான் தெரியும். மருந்து கசக்குதுன்னு யாராவது குடிக்காம இருப்பாங்களா?" பிறகு குரல் தாழ்ந்தது. "அவ என்னை மாமான்னு கூப்பிடறா. அக்கா பசங்க கூப்பிடறதப் பாத்து. உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

ஞாயிற்றுக்கிழமை காலை தலைமுடியைத் தளர விட்டு, அதற்குள் ஒற்றைக் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டாள். ஃபோன் இடுப்பு மடிப்பில் இருந்தது. ஒரு தடவைதான், இந்த ஒரு தடவை மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டாள். கை குரலுக்குத்தான் அசையும் என்றால் குரலைப் போட்டுக் காட்டிவிட்டு, பிள்ளை உள்ளே வந்ததும் அந்த வீடியோவை இந்த ஜென்மத்துக்குத் திறக்கப் போவதில்லை.

நாத்தனார் வாண்டுவைக் கூடத்தின் நடுவே நிறுத்தினார். புதுக் கவுன், பவுடர் வாசம், வாயில் விரல். "போ, அம்மாகிட்ட போ" என்றார். குழந்தை நகரவில்லை. அவள் மடிப்புக்குள் கையை விட்டு ஃபோனை அமுக்கினாள்.

"ஒண்ணு… ரெண்டு…"

இடது கை எழுந்தது. வலது கை தேடித் தடவிக்கொண்டிருக்கும்போதே அது குழந்தையின் அக்குளுக்குக் கீழே போய், விரல்களை விரித்து, முதுகைத் தாங்கிக்கொண்டது. நல்ல நாளிலேயே அவள் அவ்வளவு நயமாகத் தூக்கியதில்லை. வாண்டு மேலே வந்தது, மார்போடு சாய்ந்தது. கணவன் சத்தமில்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போதும்மா" என்றார் நாத்தனார், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. "நான் பாத்தது போதும். இனி உன் பிள்ளை உன்கிட்ட."

வாண்டு அழவில்லை. தாயின் முகத்தையும் பார்க்கவில்லை. தன் விலாவில் பதிந்திருந்த அந்தக் கையையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் காதுக்குள் எண்ணிக்கை நின்றது. கட்டையைத் தட்டும் ஓசையும் நின்றது. எந்தப் பாடத்திலும் இல்லாத ஒரு வாக்கியத்தை அந்தத் தணிந்த குரல் சொன்னது.

"கனமே இல்ல."

அவள் தலையை உதறினாள். இயர்ஃபோன் கழன்று தோளில் விழுந்தது. குழந்தையைக் கீழே விடப் பார்த்தாள். இடது கை உடனே விடவில்லை. கொஞ்சம் பொறுத்து, ரசித்து, பிறகு விட்டது. யாரும் கவனிக்கவில்லை. துணிப்பையை எங்கே வைப்பது, எப்போது பால் கொடுப்பது, எந்தப் பக்கம் படுக்க வைப்பது என்று நாத்தனார் சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள். மதியம் அக்காவை வண்டி ஏற்றிவிட்டு அப்படியே வேலைக்குப் போவதாகச் சொல்லிக் கணவன் கிளம்பினான். படியில் இறங்கும்போது அவன் சீட்டியடித்தது அவர்கள் வீடு இருந்த மூன்றாம் மாடிவரை கேட்டது.

கதவைச் சாத்தியதும் அவள் முதலில் செய்த காரியம் ஃபோனை அணைத்ததுதான். அணைத்து, துணியில் சுற்றி, சமையலறை அலமாரியின் மேல்தட்டில் பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளினாள். கீபோர்டின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பிறகுதான் பிள்ளையிடம் வந்தாள். பிற்பகல் முழுவதும் தரையில் உட்கார்ந்து மூடிகளையும் கரண்டிகளையும் அடுக்கிச் சரித்து விளையாடினார்கள். வாண்டு ஒரு தடவை சிரித்தது. ஒரு கரண்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தது. கொடுத்துவிட்டு, யோசித்து, 'ம்மா' என்றது. அவளுக்கு உலகமே அந்தக் கூடத்துக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. இதற்காகத்தானே. இதற்காக எதைச் செய்தாலும் தகும்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. குழந்தை மடியில் சாய்ந்து கண் சொருகியது. அவள் மெதுவாக ஆட்டினாள், வலது கையால் தலையைக் கோதினாள். எதிர்வீட்டுச் சன்னலில் விளக்கு எரிந்தது. மாடிப்படியில் யாரோ ஏறிப் போனார்கள், கதவு திறந்து மூடியது. பவுடர் வாசமும் பால் வாசமும் கலந்த சின்ன உடம்பின் சூடு மடியில் பரவியது. அப்போதுதான் அவள் குனிந்து பார்த்தாள்.

இடது கை குழந்தையின் முதுகில் இருந்தது.

அதை அங்கே வைத்தது அவள் இல்லை.

விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. மிக மெதுவாக. முதுகெலும்பின் கணு ஒவ்வொன்றாக. சுண்டுவிரல். நடுவிரல். கட்டைவிரல். ஐந்து, மூன்று, ஒன்று. ஃபோன் அணைந்திருந்தது. குரல் இல்லை. எண்ணிக்கை இல்லை. அதற்கு இனி அது தேவைப்படவில்லை.

வலது கையால் அதைப் பிடித்து இழுத்தாள். வந்தது. விட்டதும் திரும்பிப் போனது. மறுபடி இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். அடியில் அது துடித்தது. கையில் அது தெரியவில்லை. தொடைதான் சொன்னது. வாண்டு விழித்துக்கொண்டது.

எழுந்து ஓடலாம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம். என்ன சொல்லித் தட்டுவது? அவள் குழந்தையை வலது தோளில் போட்டுக்கொண்டு, இன்னும் முழுதாகத் தேறாத இடது காலை இழுத்து, கதவை நோக்கி நடந்தாள். சன்னலைத் தாண்ட வேண்டும். சன்னல் பக்கம்தான் மேசை. இடது கை நீண்டது. மேசையின் விளிம்பைப் பிடித்தது. நின்றாள். இழுத்தாள். மேசை நகர்ந்தது, கை விடவில்லை. கெட்ட கால் மடங்கியது. அவள் குழந்தையோடு நாற்காலியில் விழுந்தாள்.

மின்கம்பி சுவரில் செருகியிருக்கவில்லை. கீபோர்டின் சிவப்பு விளக்கு எரிந்தது.

கை திரும்பி வந்தது. முரடாக இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பொறுமையாக, கனிவாக, நல்ல டீச்சர் பிடிப்பதுபோல் வாண்டுவின் இடது மணிக்கட்டைப் பிடித்தது. குட்டி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. ஒவ்வொரு கட்டைக்கு ஒவ்வொரு விரல்.

"வேணாம்" என்றாள். "அது குழந்தை. வேணாம். என்னை எடுத்துக்கோ. முழுசா எடுத்துக்கோ."

அடித்தாள். கிள்ளினாள். குனிந்து தன் புறங்கையைக் கடித்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. வலிக்கவில்லை. யாருடைய கையையோ கடித்ததுபோல் இருந்தது. விரல்கள் அசையாமல் காத்திருந்தன.

அவசரமே இல்லை.

குட்டிச் சுண்டுவிரல் இறங்கியது. தாழ்ந்த ஒரு சுரம். வாண்டுவுக்கு வேடிக்கையாக இருந்தது போலும், கலகலவென்று சிரித்தது. நடுவிரல் இறங்கியது. சிரிப்பு. கட்டைவிரல். சிரிப்பு பாதியில் நின்றது. எதையோ கேட்பதுபோல் குழந்தை தலையைச் சாய்த்தது.

பிறகு கை விட்டுவிட்டது.

அவ்வளவுதான். சிவப்பு விளக்கு அணைந்தது. குழாய் சொட்டியது. மேல்மாடியில் நாற்காலி இழுபட்டது. அவள் குழந்தையை அள்ளிக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்கு ஓடி, பாயில் உட்கார வைத்து, மூச்சு வாங்க எதிரே மண்டியிட்டாள். முகத்தைப் பார்த்தாள். கன்னம், நெற்றி, கண். ஒரு கீறல் இல்லை. விரல்களைப் பார்த்தாள். பத்தும் இருந்தன. ரோஜா நிறம், சூடு. ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

வாண்டு அவள் அழுவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. "ம்மா" என்றது. "தூக்கு."

"வாடா தங்கம். அம்மா தூக்கறேன், வா."

குழந்தை கையை உயர்த்தியது. வலது கை.

அவள் காத்திருந்தாள்.

குழந்தையின் இடது கை பாயில், உள்ளங்கை மேலே பார்க்கக் கிடந்தது. வாண்டு குனிந்து அதைப் பார்த்தது. வேறு யாரோ மறந்துவிட்டுப் போன பொம்மையைப் பார்ப்பதுபோல் பார்த்தது. தொட்டுப் பார்த்தது. மறுபடி அவளைப் பார்த்து, ஒற்றைக் கையை இன்னும் உயரமாகத் தூக்கியது.

அவளால் அசைய முடியவில்லை. அவளுடைய இடது கை மட்டும், அவள் சொல்லாமலே, குழந்தையைத் தூக்க எழுந்தது.